ஒரு மெஷின் மட்டும் பாக்கி

"எல்லா மெஷினும் மாத்தியாச்சு பாஸ். லோகேஸ்வரி அக்காவோடது மட்டும்தான் பாக்கி," என்றான் தனேஷ்.

மீட்டிங்கில் இருந்த எல்லாரும் லோகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முறுக்கு டப்பாவைத் திறந்து, பக்கத்தில் இருந்த உஷாராணியிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அந்த அனிமேஷன் ஸ்டூடியோ, போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டும் ஒரு கார்ட்டூன் பூனையை வைத்துப் பிழைக்கிறது. பிள்ளைகளுக்கு அந்தப் பூனை என்றால் உயிர். இப்போது புதுத் தொடருக்கு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கூட்டுச் சேர வந்திருக்கிறது. அவர்கள் வேலை செய்வது லினக்ஸில். அதனால் இங்கேயும் விண்டோஸை எடுத்துவிட்டு எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போட வேண்டும் என்று ஏற்பாடு. அந்தப் பொறுப்பு தனேஷ் தலையில் விழுந்தது.

"என்னா லோகேஸ், இன்னுமா பயம்?" முதலாளி பரமேஸ்வரன் சிரித்தார். "என்னைப் பாருங்க. அறுபது தாண்டியாச்சு. இந்த ஆபீஸ்லயே முதல்ல மாறினது நான்தான். காலத்தோட போகணும் லா."

"எனக்கு இன்னும் கை வரல பாஸ்," என்றார் லோகேஸ்வரி.

"பூனையோட மூஞ்சிய இன்னைக்கும் நான்தானே வரையறேன்?" என்றார் பாஸ். "புது சிஸ்டத்துல பேனா வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போவுது. சும்மா சொல்லல."

முகத்தை அவர் வரைவது உண்மைதான். பூனைக்கு உடம்பு, வால், லோரி எல்லாம் யார் வேண்டுமானாலும் வரையலாம். முகத்தை மட்டும் பாஸ் யாரையும் தொட விடமாட்டார். தினமும் மத்தியானம் அவர் வரைந்த முகங்கள் எல்லாருடைய ஃபோல்டரிலும் வந்து உட்கார்ந்துவிடும்.

பாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புதுத் தொடருக்கு டீம் லீடர் உஷாராணி. லோகேஸ் கோவிச்சுக்கக் கூடாது. லினக்ஸ் தெரியாத ஆள லீடரா போட்டா, வெளிநாட்டுக்காரன் சிரிப்பான்."

ஸ்டூடியோ தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர் லோகேஸ்வரி. அந்த இடம் அவருக்குத்தான் என்று காப்பி கலக்குகிறவர் உட்பட அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். உஷாராணிக்கே முகம் சுருங்கிப் போனது. முதலில் கைதட்டியது லோகேஸ்வரிதான்.

தனேஷுக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. சொல்லிக் கொடுக்கவா என்று எத்தனை தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு தடவையும், "தலைய சுத்துது தம்பி, நாளைக்குப் பார்ப்போம்" என்று அனுப்பிவிடுவார். பாஸிடம் தனியாகப் போய்ப் புகார் சொன்னால் அவர், "விடு லா, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பார். சபையில் கிண்டல் செய்தாலும் பாஸுக்குப் பெரிய மனசு என்று தனேஷ் நினைத்துக்கொண்டான்.

இனிமேல் கேட்டுக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து மாற்றிவிட வேண்டியதுதான். வந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் திட்டுவார், அப்புறம் பழகிக்கொள்வார்.

அதற்கு வெள்ளிக்கிழமை தோதாக இருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் நீளம். டீமில் இருக்கும் இல்யாஸ் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். உஷாராணி வெளிநாட்டுக்காரர்களைப் பார்க்கப் பூச்சோங் போயிருந்தாள். மற்றவர்கள் கூட்டமாக வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனார்கள். லோகேஸ்வரி எப்போதும்போல் முதல் ஆளாகக் கீழே இறங்கிப் போயிருந்தார். தனேஷ் பாதி வழியில் பர்ஸை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்தான்.

லோகேஸ்வரியின் நாற்காலியில் பாஸ் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பூனைக்கு மீசை போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அவருடைய அறையில், முதன்முதலாக லினக்ஸுக்கு மாறியபோது வாங்கிய அவர் புது மெஷின் பளபளவென்று நின்றது. திரையில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"பாஸ்?"

பேனா சட்டென்று நின்றது.

"ஆ, தனேஷா? லோகேஸ் மெஷின் ஒழுங்கா ஓடுதான்னு சும்மா பார்த்தேன்." மீசை ஒரு பக்கம்தான் முளைத்திருந்தது. "பாவம் லா லோகேஸ். வயசாயிடுச்சி, புதுசு ஏற மாட்டேங்குது. நாமதான் அனுசரிச்சுப் போவணும். இத இப்போதைக்குத் தொடாத, என்னா?"

"சரி பாஸ்."

தனேஷ் கீழே இறங்கி வந்தபோது, மமாக் சாப்பாட்டுக் கடையில் லோகேஸ்வரி சாப்பிட்டுக் கை கழுவி வெகுநேரமாகியிருந்தது. காலித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பதறாத உஷா. அந்தக் கறுப்பு ஜன்னல திற. நான் சொல்ற கமாண்ட அப்படியே அடி. லினக்ஸ்ல அது இப்படித்தான் மக்கர் பண்ணும். ஆங், ஃபைல் வந்துடுச்சா? சரி, தைரியமா பேசிட்டு வா."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தவர், எதிரில் நின்ற தனேஷைப் பார்த்தார்.

"அக்கா, உங்களுக்கு லினக்ஸ் தெரியுது."

"வீட்டுல போட்டு வச்சிருக்கேன். நல்லாதான் இருக்கு."

"அப்புறம் ஏன் மாத்த விட மாட்டேங்கிறீங்க? லீடர் வேலையே போயிடுச்சே."

அவர் அண்ணாந்து ஸ்டூடியோ ஜன்னலைப் பார்த்தார். "மேல போனியா?"

"போனேன்."

"என் மெஷினையும் மாத்திட்டா, அவரு எங்க போய் வரைவாரு?"

தனேஷ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நீங்களே தனியா கூப்பிட்டு அவருக்குச் சொல்லிக் கொடுக்கலாமே அக்கா."

"சொல்லிக் கொடுக்கணும்னா அவருக்குத் தெரியலன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும் தம்பி," என்றார் லோகேஸ்வரி. "அது எனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்துல நான் இங்க சாப்பிட்டுக்கிட்டுல இருக்கேன்."