பொதுச்சுவரில் ஒரு சப்ஊஃபர்

வால்யூமை முழுக்கத் திருகினாலும் சோபாவில் உட்கார்ந்தால் சப்ஊஃபர் பெட்டியின் 'தும் தும்' பேஸ் கேட்கவே இல்லை. பனியன் கம்பெனி சாமியப்பன் கொதித்துப்போய், ஹோம் தியேட்டர் விற்ற முனீஸை வீட்டுக்கே வரவழைத்தார்.

"எட்டு இன்ச்சைக் குடுத்து ஏமாத்திப்போட்டீங்க. பன்னெண்டு இன்ச் சப்ஊஃபர் கொண்டாங்க."

"பெட்டி மேல தப்பில்ல அண்ணாச்சி. சுவத்தை ஒட்டி வச்சிருக்கீக. இங்கருந்து போற சத்த அலையும், எதிர்ச்சுவத்துல மோதித் திரும்புற அலையும் சோபாகிட்ட ஒண்ணையொண்ணு அழிச்சிருது. நகத்தி வச்சா இதுவே போதும்."

"நகத்தச் சொல்லாதீங்க! அது அங்கதான் இருக்கோணும்."

"ஏன் அண்ணாச்சி?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் என் தம்பி நாச்சிமுத்து. பாகம் பிரிக்கையில என்னையப் பஞ்சாயத்துல நிறுத்துனவன். அதிர்வு தாங்காம அவன் ஊட்டைக் காலி பண்ணோணுமுங்க."

முனீஸ் தலையைச் சொறிந்தார்.

"போன வாரம் அவுகளும் ஹோம் தியேட்டர் வாங்குனாக. ஸ்பீக்கர் மட்டும் போதும், சப்ஊஃபர் வேண்டாம்னுட்டாக."

"ஏனாம்?"

"நீங்க எந்தச் சேனல் வச்சாலும் அவுகளும் அதையே வச்சு, இந்தச் சுவத்தை ஒட்டி நாற்காலி போட்டு உக்காந்துக்கிறாகளாம். பேஸ் அருமையா வருதுன்னாக."

சாமியப்பன் எழுந்தார். சப்ஊஃபரைத் தானே இழுத்துவந்து சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பேஸ் நன்றாகக் கேட்டது.