ஹேங் ஆகாத லேப்டாப்

“சரியான சமயத்துல கழுத்தறுக்கறதுப்பா இது!” என்று லக்ஷ்மிநாராயணன் தன் பழைய லேப்டாப்பைக் கண்ணாடி மேசைமேல் பொத்தென்று வைத்தார். பின்னால் வந்த அவர் மனைவி ருக்மிணி, நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்க, கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

இந்தியும் மராத்தியும் புழங்கும் பாணேர் ரோட்டில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையில் தமிழ் பேசுகிறவன் வசந்தகுமார் ஒருவன்தான். அந்த மாதம் அவன் விற்றதெல்லாம் மௌஸும் பென் டிரைவும். இப்படியே போனால் வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார் முதலாளி.

“என்ன பண்ணுது சார்?”

“ஹேங் ஆறது. பையன் கிருஷ்ணா டல்லஸ்ல இருக்கான். ஞாயித்துக்கிழமை கார்த்தால வீடியோல வருவான். நன்னாப் பேசிண்டே இருக்கறச்சே படம் நின்னுடும். அப்புறம் லைன் கட்.”

“‘உங்க பிராசசர் பழசும்மா, மாத்துங்கோ’ன்னு அவனே சொல்லிட்டான்” என்றாள் ருக்மிணி. “அடுத்த மாசம் நேக்கு ஹார்ட் ஆபரேஷன். அவன் வரானான்னு தெரிஞ்சாத்தான் டாக்டர்ட்ட தேதி சொல்ல முடியும். ஃபோன்ல கேட்டா, ‘வீடியோல பேசிக்கலாம்’கறான். வீடியோல கேட்க வாயைத் திறந்தா இந்தச் சனியன் நின்னுடறது.”

வசந்தகுமார் இரண்டு புது லேப்டாப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தான்.

“இது சிங்கிள் கோர் சார். ஒரே ஆள் சமைச்சு, துவைச்சு, பாத்திரமும் கழுவுற மாதிரி. இது டூயல் கோர். ரெண்டு ஆள் வேலையைப் பங்கு போட்டுக்குவாங்க. விலை ஒண்ணரை மடங்கு.”

“எங்காத்துல சிங்கிள் கோர்தான்” என்றார் லக்ஷ்மிநாராயணன்.

“அந்தக் கோருக்குத்தான் இப்போ ஆபரேஷன்” என்றாள் ருக்மிணி.

மூன்று பேரும் சிரித்தார்கள். ருக்மிணி பாதியில் நிறுத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

வசந்தகுமார் ஒரே படத்தை இரண்டிலும் ஓட்டிக் காட்டினான். திறக்கும்போது டூயல் கோர் முந்தியது. திறந்த பிறகு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

“பேசறதுக்கு மட்டும்னா சின்னதே போதும் சார். காசுக்கு இதுதான் நியாயம்” என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. விலை கூடியதை விற்றால் அவன் வேலை பிழைக்கும்.

“நியாயம் பாக்கற நேரமா இது? ஹேங் ஆகாதுன்னு உறுதியாச் சொல்லு, எதை வேணாலும் வாங்கறேன்.”

உறுதி சொல்ல அவன் யார்? பேச்சை மாற்ற, பழைய லேப்டாப்பைக் கடை நெட்டில் இணைத்தான். அடுத்த கவுன்டரில் இருந்த அமலாவை வீடியோவில் கூப்பிட்டு, அது சூடேறும்வரை பேசிப் பார்த்தான். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

“சென்னைல என் தங்கையோட பேசறச்சேகூட இது ஒண்ணும் பண்றதில்லை” என்றாள் ருக்மிணி.

“அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்க பையன் பக்கத்து நெட்டா இருக்கும் சார். இதை மாத்தி என்ன பிரயோஜனம்?”

“அமெரிக்கால நெட் மோசம், பாணேர்ல நன்னாருக்கா? என்னப்பா பேசறே!”

வெட்டிப்பேச்சை விட்டுப் பில்லைப் போடச் சொல்லி, கல்லாவிலிருந்து முதலாளி இந்தியில் குரல் கொடுத்தார். “வசந்த், டைம்பாஸ் மத் கர். பில் பனா!”

இனி என்ன சொன்னாலும் எடுபடாது. லக்ஷ்மிநாராயணன் டூயல் கோரைக் காட்டி கார்டை நீட்டினார். கார்டு மெஷின் சீட்டைத் துப்பியது. அவர் கையெழுத்துப் போட்டார்.

“இந்த ஞாயித்துக்கிழமை கேட்டுடலாம்டி” என்றார் மனைவியிடம். ருக்மிணி புதுப் பெட்டியைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டாள்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வது கடை வழக்கம். மெக்கானிக்கிடம் என்ன கோளாறு என்று சொல்லியாக வேண்டும். வசந்தகுமார் கடைசியாகக் கேட்டான்.

“ஆன்ட்டி, ஹேங் ஆகறப்ப ஸ்கிரீன் முழுசா நின்னுடுமா?”

ருக்மிணி யோசித்தாள்.

“முழுசா இல்லப்பா. கிருஷ்ணா மட்டும்தான் ஆடாம அசையாம நிப்பான். அவன் தலைக்கு மேல ஃபேன் பாட்டுக்குச் சுத்திண்டே இருக்கும்.”