முதன்மைப் பொத்தான்

மவுஸ் மறுபடியும் வலப்பக்கம் போயிருந்தது.

கணவனின் வேலை. கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று பார்ப்பவன், மவுஸையும் எடுத்து வலப்பக்கம் வைத்துவிட்டுத்தான் படுப்பான்.

காலையில் மகள் தாரகை அதை இடப்பக்கம் இழுப்பாள்.

ஒரு மாதமாக இந்த இழுபறி நடக்கிறது. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் அவள் சிரித்துக்கொண்டே விட்டிருந்தாள்.

நேற்று சிரிக்க முடியவில்லை. எதிர்வீட்டு அக்கா லட்டு நீட்ட, தாரகை இடது கையால் வாங்கிவிட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. லட்டைப் பார்த்தாளே தவிர, கையைப் பார்க்கவில்லை.

"பீச்சாங்கையிலயா வாங்குவ?"

கணவன் அவள் புறங்கையில் ஒன்று வைத்தான்.

பெரிய அடி இல்லைதான். ஆனால் சாயங்காலம் கம்ப்யூட்டரில் படம் வரைய உட்கார்ந்த பிள்ளை, இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

பெற்றவள் முடிவு செய்துவிட்டாள். இன்னொரு நாள் இந்தக் கை இந்த வீட்டில் ஒளியக் கூடாது. அவ்வளவுதான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவன் கறிக்கடைக்குப் போயிருந்தான். மகள் எழுந்திருக்கவில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மூன்று வருடமாக இந்தப் பெட்டியில்தான் புடவை விற்கிறாள். அது அவளிடம் வாலாட்டாது.

செட்டிங்ஸைத் திறந்தாள். முதலில் போன இடம் தப்பு. அம்புக்குறியைப் பெரிதாக்கலாம், பச்சையாக்கலாம், ரோஸ் ஆக்கலாம் என்றது. யாருக்கு வேண்டும்?

பின்னால் வந்தாள். தேடும் கட்டத்தில் மவுஸ் என்று அடித்தாள்.

வந்துவிட்டது.

முதன்மைப் பொத்தான். பக்கத்தில் சின்னப் பட்டியல். இடது. வலது.

இரண்டும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்று எங்கும் எழுதவில்லை. எந்த ஊர்க்காரனோ, திட்டாமல், கையில் அடிக்காமல், உனக்கு எது வசதி என்று கேட்டு வைத்திருக்கிறான். அவளை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு யோசனை வந்தது. மகளுக்குத் தனியாக ஒரு கணக்கு திறந்து, அதில் மட்டும் மாற்றிவிடலாம். அவனுக்குத் தெரியவே தெரியாது.

அந்தப் பக்கத்தைத் திறந்து மகள் பெயரைக்கூட அடித்துவிட்டாள்.

பிறகு அழித்தாள். மறைத்துச் செய்தால், தப்பு செய்கிறோம் என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

எல்லாருக்கும் பொதுவான இடத்திலேயே, 'வலது' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். இடது கையை வைத்தால் ஆள்காட்டி விரல் விழுவது வலது பொத்தானில்தானே.

அடுத்த அழுத்தலிலேயே தேவையில்லாத பட்டியல் ஒன்று குதித்தது. அட, பொத்தான்தான் மாறிவிட்டதே!

மவுஸ் வயரை மானிட்டருக்குப் பின்னால் விட்டு, இந்தப் பக்கம் இழுத்தாள். இடது கையை அதன் மேல் வைத்தாள்.

கை தடுமாறவே இல்லை.

அவளை மூன்றாம் வகுப்புக்குள் திருத்திவிட்டார்கள். திருந்திவிட்டாள் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம்.

கறிப்பையைச் சமையலறையில் வைத்துவிட்டு அவன் நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்தான். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க வேண்டும். அவள் எழுந்து இடம் விட்டாள். பார்க்காமலே மவுஸை வலப்பக்கம் நகர்த்தி அழுத்தினான்.

பட்டியல் குதித்தது.

இன்னொரு முறை. இன்னொரு பட்டியல். மவுஸைத் தூக்கி உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"மவுஸ் போச்சு."

"போகலங்க. இடது கைக்கு மாத்தி வச்சிருக்கேன்."

அவன் நாற்காலியோடு திரும்பினான்.

"நான் கஷ்டப்பட்டு அவள மாத்திட்டிருக்கேன். நீ மவுச மாத்தறியா? நாளைக்கு நாலு பேரு அவளத்தான் பேசுவாங்க."

கோபத்தைவிடப் பயம்தான் அந்தக் குரலில் அதிகம். அது அவளுக்கும் தெரியும். அதற்காக விட்டுவிட முடியாது.

"அவளுக்காக மட்டும் இல்ல. எனக்கும்தான்."

"உனக்கா?"

"நானும் இடது கைதான்."

அவன் சிரித்தான். ஒன்பது வருடமாகப் பார்க்கிறானாம். இவள் சோறு போட்டு, கோலம் போட்டு, கையெழுத்துப் போட்டு, எல்லாம் பார்த்திருக்கிறானாம்.

"அதெல்லாம் அடிச்சுப் பழக்கினது" என்றாள்.

குனிந்து, மவுஸை இடப்பக்கம் இழுத்தாள். இடது கையாலேயே பக்கத்தைத் திறந்து, அவன் பார்க்க வந்த ஸ்கோரைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரு தப்பு அழுத்தல்கூட இல்லை. அவளுக்கே பெருமையாக இருந்தது.

அவன் ஸ்கோரைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தான்.

அறை வாசலில் தாரகை நின்றிருந்தாள். தலை கலைந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவளும் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னையும் அப்பாதான் அடிச்சாராம்மா?"

தன்னை அடித்தது யாருடைய அப்பா என்று அம்மா விளக்கவில்லை. அவசரமும் படவில்லை.

கணவன் பக்கம் திரும்பி, அவன் பதில் சொல்லட்டும் என்று நின்றாள்.