பத்து மணி நேர ஃபேன்

தகரத்தில் முதல் சொட்டு விழுந்ததும் துஷாந்தினி ஃபேனைப் போடப் போனாள். ஃபேன் ஓடவில்லை.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் குளிரில், லயத்து வரிசை வீடுகளில் யார் வீட்டிலும் ஃபேன் கிடையாது. இரண்டு போர்வை இழுத்துப் போர்த்தினாலும் போதாத ஊர். இவர்களுடைய ஃபேன் போனுக்குள் இருந்தது. ஒரு ஃபேன் பத்து மணி நேரம் சுற்றும், அவ்வளவுதான் வீடியோ. எந்த ஊர்க்காரன் எடுத்துப் போட்டானோ, புண்ணியவான்.

கட்டிலில் அவள் கணவன் புவனேந்திரன் படுத்திருந்தான். தேயிலை ஃபேக்டரியில் இரவு வேலை, பகலில் தூக்கம். ஐப்பசியில் மழையும் பகலில்தான் வரும்.

மழைச் சத்தத்தில் அவனுக்குத் தூக்கம் வராது. கல்யாணமான புதிதில் அவனே வெட்கத்தோடு சொன்னது. ஃபேன் சத்தம் மழையை மூடிவிடும். தூங்காமல் போய் ரோலர் மெசினுக்குப் பக்கத்தில் நின்றால் ஒருநாள் கை போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

லயம் பள்ளத்தில் இருக்கிறது, சிக்னல் எட்டாது. மேலே கோயில் வளைவு வரை ஏறிப் போய் அந்த ஃபேனை இறக்கிக்கொண்டு வந்திருந்தாள். இறக்கியது எங்கே போய் உட்கார்ந்துகொண்டது என்றுதான் தெரியவில்லை. போட்டோக்கள் இருக்கும் இடத்தில் இல்லை. பாட்டுகள் இருக்கும் இடத்திலும் இல்லை. ஒரு மெமரி கார்டில் போட்டுப் பத்திரப்படுத்தலாம் என்று போன மாதம் பதுளைக்குக் கொண்டு போனாள்.

போன் கடை றஷீனா துருவித் துருவிப் பார்த்தாள்.

“உள்ளதான் இருக்கு அக்கா. ஆனா வெளிய எடுக்க ஏலாது.”

ஆப் தனக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறதாம். சாவி நம்மிடம் இல்லையாம். மாதத்துக்கு ஒரு தடவை இணையத்தில் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டுமாம், இல்லையென்றால் ஓடாதாம். அப்படியென்றால் இதுவும் தோட்டத்தில் வேலைக்குப் பேர் எடுக்கும் காலைப் பெரட்டு மாதிரிதான், ஆள் போய் நிற்காவிட்டால் பேர் விழாது என்று துஷாந்தினி சிரித்தாள்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. றஷீனா முதலில் சொன்ன அந்த வார்த்தையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். அவள் பிறந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடி, பிறகு மண்ணைத் தோண்டுவதையும் நிறுத்திய அன்று, மழைக்கோட்டு போட்ட ஒருவர் அவளிடம் இதையேதான் சொன்னார். அம்மாவும் தங்கச்சியும் உள்ளேதான் இருக்கிறார்கள், ஆனால் வெளியே எடுக்க முடியாது.

தனக்கு எல்லாம் ஆறிவிட்டது என்பாள். ஆறாதது அவனுக்குத்தான். அன்று ஸ்பிரிங்வெளியிலிருந்து மண் அள்ள வந்த பையன்களில் அவனும் ஒருவன். மூன்று நாள் அள்ளினான். மழைக்கு அவன் பயப்படுவதில் என்ன ஆச்சரியம்.

இந்த மாதம் தலைகாட்டப் போனபோது டவரே வேலை செய்யவில்லை. நான்கு நாளாக இதே கதை. இப்போது ஃபேன் இருக்க வேண்டிய இடம் சாம்பல் நிறமாக இருந்தது. கீழே, இணையத்தில் இணைக்கச் சொல்லி ஒரு வரி.

மழை வலுத்தது. புவனேந்திரன் புரண்டு படுத்தான்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து, அவளே ஓடத் தொடங்கினாள்.

ஊஊஊ.

அந்த ஃபேனுக்கு ஒரு சின்னக் கோளாறு உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று ஒரு தட்டு தட்டும். அதையும் விடாமல் சேர்த்துக்கொண்டாள். ஊஊஊ டக். ஊஊஊ டக். பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால் பேய் பிடித்துவிட்டது என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அவன் அதற்குப் பிறகு அசையவில்லை.

மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் மழை உள்ளே வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. சத்தம் அவள் வாயிலிருந்து கிளம்பி அவள் காதுக்கே திரும்பி வந்தது. போனுக்குள் இருக்கும் அந்தப் பூட்டிய இடம் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். லயம் மாதிரி வரிசையாகக் கதவுகள் இருக்கலாம். ஒரு கதவுக்குள் சாம்பல் வெளிச்சத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே பாயில் அம்மாவும் தங்கச்சியும் படுத்திருந்தார்கள். தங்கச்சியின் முடி காற்றில் பறந்தது. அங்கே நன்றாகக் காற்று வரட்டும் என்று துஷாந்தினி இன்னும் வேகமாக ஓடினாள்.

கண் விழித்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. ஊஊஊ டக்.

டவர் வந்துவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டாள். போன் பக்கத்தில் இருண்டு கிடந்தது.

கட்டிலில் படுத்திருந்தது அவள். இரண்டு போர்வையும் அவள் மேல்தான் இருந்தன. புவனேந்திரன் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து உதட்டைக் குவித்திருந்தான். மலைப்பக்க ஜன்னலை அகலமாகத் திறந்து வைத்து, சாரல் முழங்கையில் தெறிக்க, மழையை ஆற அமரப் பார்த்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.

அவள் கால் வெறுங்காலாக இருந்தது. பதினோரு வருடமாக மழை நேரத்தில் அவள் செருப்பைக் கழற்றியதில்லை. எந்த நிமிடமும் எழுந்து ஓட வேண்டி வரலாம் என்று போட்டபடியே இருப்பாள். அவன் அதைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்திருந்தான்.

“என்னங்க, மழைன்னா ஒங்களுக்குப் பயமே இல்லையா?”

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். பேசினால் ஃபேன் நின்றுவிடும்.