துரைசாணி திரும்பி நின்ற நாள்

வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் அவள் கார் கொட்டகைக்குள் நுழைந்தாள். முதல்முறை திருடப் போகிறவளுக்கு இருக்கும் படபடப்பு அத்தனையும் அவள் நெஞ்சில் இருந்தது.

கார் வழக்கம்போல மூக்கை வாசல் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அவசரத்துக்கு ஒரே ஓட்டமாக வெளியே போகலாம் என்று, அவள் கணவர் எப்போதும் வண்டியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விடுவார்.

ஓட்டுகிற இருக்கையில் அவள் அம்மாவின் தலையணை கிடந்தது. 'இதையும் தூக்கிட்டு வந்துட்டாரா? அம்மா பார்த்தா வீடு ரெண்டாயிடும்' என்று நினைத்துக்கொண்டே பானெட்டைத் தூக்கினாள்.

உள்ளே இருந்த கறுப்பு மூடியை விலக்கி, கட்டைவிரல் அளவு ரோட்டரைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டாள். அது இல்லாவிட்டால் பொறி பறக்காது. தலைகீழாக நின்றாலும் வண்டி கிளம்பாது.

இந்த வித்தை அவர் சொல்லிக் கொடுத்ததுதான். ஹேர்பின் விட்டால் திறந்துகொள்ளும் கதவு என்பதால், எங்கே நிறுத்தினாலும் ரோட்டரைக் கழற்றி அவளிடம் கொடுப்பார். "துரைசாணி உசுரு உன் பையில இருக்கு, பத்திரம்" என்பார்.

இங்கிலாந்தில் பிறந்து கப்பலேறி வந்த குட்டிக் கார் என்பதால் அந்தப் பெயர். பழைய இரும்புக் கடையில் கோழி அடைந்து கிடந்ததை வாங்கி வந்து, ஒவ்வொரு திருகாகத் துரு நீக்கி உயிர் கொடுத்தவர் அவர். ஆறடி உடம்பை மடக்கி உள்ளே நுழைந்தாலும் தலை கூரையில் இடிக்கும், அதற்கும் சிரிப்பார்.

போன மாதம் அவருக்கு மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்து, இடப்பக்கப் பார்வை போய்விட்டது. தட்டில் இடது பாதியைத் தொடாமலே கை கழுவிவிடுகிறார். இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மனிதர் ஓர் இடத்தில் உட்காரவில்லை. கூடத்துக்கும் கொட்டகைக்குமாக நடை. நேற்றுச் சாப்பிடும்போது, "ஒரே ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேனே" என்றார். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை.

அவள் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா வழியை மறித்தாள். "உன் புருஷனை ஒரு இடத்துல உட்காரச் சொல்லுடி. நடந்து நடந்து தரையே தேஞ்சு போச்சு."

"உங்க அம்மாவைக் காதுல பஞ்சு வச்சுக்கச் சொல்லு" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது.

இருவரும் நேராகப் பேசிக்கொண்டு பல வருஷம் ஆகிறது. அம்மாவின் சின்ன மகள் கல்யாணத்துக்குப் போகிற வழியில் துரைசாணி புகை கக்கி நின்றுவிட, பந்தலைப் பிரிக்கிற நேரத்தில்தான் அம்மா அங்கே போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து கார் அவளுக்குத் தகர டப்பா. மருமகன், 'உன் புருஷன்'. நடுவில் இவள்தான் தபால்காரி.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. தலையணை உறையைப் போர்வைக் கட்டில் வைத்தாள், போர்வையைத் துண்டோடு மடித்தாள். அடிக்கொரு தரம் கைப்பைக்குள் கைவிட்டு ரோட்டரைத் தடவிப் பார்த்தாள். மதியம் கொதிகலன் மக்கர் பண்ணவும், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

கொட்டகை திறந்து கிடந்தது. வாசலைப் பார்க்க வேண்டிய துரைசாணி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் பானெட்டைத் தொட்டாள். சுட்டது.

வண்டி வெளியே போய் வந்திருக்கிறது. பின்பக்கமாக உள்ளே விடக்கூட முடியாத கண்ணை வைத்துக்கொண்டு போயிருக்கிறார்!

வீட்டுக்குள் பாய்ந்தாள். "ரோட்டர் என் பையில இருக்கு. எப்படிக் கிளம்புச்சு?"

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். "இந்தக் காலத்து வண்டிக்கே ஸ்டெப்னி இருக்கு. துரைசாணிக்கு ஒரு ரோட்டரை மட்டுமா வச்சிருப்பேன்? சோப்பு டப்பாவுல இன்னொண்ணு கிடந்துச்சு."

"கிண்டல் வேறயா? எங்க போனீங்க?"

"பின்னாடி காலி மைதானம் வரைக்கும்தான். அங்க ஈ காக்கா கிடையாது. ஆனா நான் ஓட்டலை."

"அப்ப துரைசாணி தானா நடந்து போயிட்டு வந்தாளா?"

அவர் வாயைத் திறந்தார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

"இடது பக்கத்துலேருந்து ஒரு குழந்தை ஓடி வந்திருந்தா? உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்?" போனை எடுத்தாள். "பழைய கார் கிளப் தலைவர் விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு. இன்னைக்கே வந்து இழுத்துட்டுப் போகட்டும்."

அவர் தடுக்கவில்லை. ஒரு மாதமாக உட்காராத மனிதர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். மகள் கையிலிருந்த போனைப் பிடுங்கி அலமாரியின் மேல் வைத்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, மருமகன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மாப்ளே, நாளைக்கு ரிவர்ஸ் சொல்லித் தரேன்னீங்களே?"