கடிக்காத பூட்ஸ்

மூன்றாவது ஜோடியையும் மாட்டிக்கொண்டு கடையின் அந்தக் கோடி வரை நடந்துவிட்டு வந்தவர், "இதுவும் அருமையா இருக்கு" என்றார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பின்னே? இருபத்திரண்டு வருஷமாக ஷூக் கடையில் மண்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் காலை நீட்டும்போதே குறையையும் சேர்த்து நீட்டுவார்கள். இங்கே இடிக்கிறது, அங்கே கடிக்கிறது, வலது சரி, இடது சரியில்லை. போன வாரம் ஒரு மகானுபாவர் பதினாலு ஜோடியை இறக்கவைத்துவிட்டு, சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று கிளம்பிவிட்டார்.

இவர் அப்படியில்லை. தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. தெருத்தெருவாக நடந்து, வீட்டுக்கு வீடு தரையிலிருக்கும் மூடியைத் தூக்கி, குழிக்குள் எட்டிப்பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் பாதிக் குழி தண்ணீராகத்தான் இருக்குமாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சிரிக்காமல் இருந்தது அவர் மனைவிதான்.

"தண்ணி இறங்கக் கூடாது தம்பி. எங்கேயும் உரசக் கூடாது. தினமும் காலையில மாட்டினா சாயங்காலம் வரைக்கும் காலிலேயே கிடக்கணும்." உள்ளே நுழைந்ததுமே அந்த அம்மா சொன்னது இது.

காரணத்தையும் அவரே சொன்னார். கணவருக்குச் சர்க்கரை வியாதி. போன மழையில் ஈர சாக்ஸோடு நடந்து, சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் வந்து, அது புண்ணாகி, இரண்டு மாதம் படுக்கை. இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டாராம்.

"அவ கிடக்கா, விடுங்க. எதுக்கெடுத்தாலும் பயப்படுவா" என்றார் மீட்டர்காரர்.

எனக்கும் அந்த அம்மா மேல்தான் எரிச்சல். போடுகிற மனுஷன் நன்றாக இருக்கிறது என்கிறார், இவருக்கு என்ன வந்தது? ஒவ்வொரு பூட்ஸையும் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். தையலை நகத்தால் நிமிண்டினார். முகர்ந்துகூடப் பார்த்தார். ஷூவை முகர்ந்து பார்க்கிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எதைப் போட்டாலும் அருமைங்கறார். இன்னொண்ணு எடுங்க தம்பி."

எடுத்தேன். கணுக்காலுக்கு மேலே வருகிற கறுப்புத் தோல். தைத்த இடமெல்லாம் உள்ளே ரப்பர் பூச்சு. வாளித் தண்ணீரில் நின்றாலும் சாக்ஸ் நனையாது. பெட்டியைப் பிரித்து அந்த அம்மா பக்கத்தில் வைத்துவிட்டு, தடித்த சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துவரக் கல்லாப் பக்கம் போனேன்.

திரும்பி வருவதற்குள் மீட்டர்காரர் இரண்டு காலிலும் ஏற்றி, நாடாவும் கட்டி, வாசல் வரை போய் வந்துவிட்டார். ஓங்கி ஒரு மிதி மிதித்தும் காட்டினார்.

"அட்டகாசம்! இதையே கட்டிடுங்க."

எனக்கு முகமெல்லாம் பல். பில் போடுவதற்கு முன்னால் விரல் எதுவரை வருகிறது என்று பூட்ஸின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். வலது காலை அழுத்தினேன்.

சரசரத்தது.

கழற்றி உள்ளே கையை விட்டேன். தாள். பூட்ஸ் நுனி மடங்காமலிருக்க அடைத்து வருமே, அந்தத் தாள். உருண்டையாக இருந்தது நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாளை எடுக்காமல் நான் ஒரு ஷூவைக் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. அதுவும் புண் வந்த காலுக்கா? முதலாளி காதில் விழுந்தால் தொலைந்தேன்.

"மன்னிச்சுக்கோங்க சார். எப்படி விட்டேன்னே தெரியல."

மீட்டர்காரர் தாளைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு கடகடவென்று சிரித்தார்.

"அதானே பாத்தேன், ஏன் இவ்வளவு மெத்துமெத்துன்னு இருக்குன்னு!"

நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"நீங்க விடல தம்பி" என்றார் அவர் மனைவி. "எடுத்து வெளியதான் வச்சீங்க. நீங்க அந்தப் பக்கம் போனதும் நான்தான் திரும்ப உள்ளே வச்சேன்."

மீட்டர்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"எத்தனை நாளா கால்ல ஒண்ணும் தெரியல உங்களுக்கு?" என்று கேட்டார் அந்த அம்மா. கோபமே இல்லை.

அவர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புண்ணு வர்றதுக்கு முன்னாடியிலேருந்தே" என்றார். "சொன்னா வேலைக்கு விட மாட்டியே."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வலி தெரியாததற்கா இத்தனை நேரம் இந்த மனுஷனை மெச்சிக்கொண்டிருந்தேன்!

அந்த அம்மா திட்டவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடது பூட்ஸையும் கழற்றி மடியில் வைத்து, கையை ஆழமாக உள்ளே விட்டார்.

"அந்த பூட்ஸை நீங்க பாருங்க தம்பி. தையல் எங்கேயாவது குத்துதா?"

வலது பூட்ஸுக்குள் நான் கையை விட்டேன். குதிகால் மடிப்பு, பக்கவாட்டுத் தையல், சுண்டுவிரல் வருகிற மூலை என்று ஒவ்வொரு இடமாகத் தடவினேன். மீட்டர்காரர் சாக்ஸ் காலைத் தரையில் வைத்தபடி உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.