நாலாவது கையெழுத்து

"இவனை எடுத்துடுங்க சார். மூணு பேர் இருந்தா போதும்."

கணினித் திரையில் விரலை வைத்துச் சொன்னாள் இயக்குநர். கல்லூரியில் கடைசி வருடம்தான் படிக்கிறாள். மியூசிக் வீடியோ எடுக்கத் தொடங்கிய நாள் முதல் நண்பர்கள் அவளை இயக்குநர் என்றே கூப்பிட்டார்கள். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் இசைக்குழுவின் பாடகன், தொண்டை கெட்டுவிடும் என்று கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

டிசைனர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். திரையில் இருந்தது ஆல்பத்தின் முன்னட்டை. ஒரு பழைய செங்கல் சுவருக்கு முன்னால் நாலு பேர். வலது ஓரத்தில் நின்ற டிரம்ஸ்காரன், கையில் இரண்டு குச்சிகளோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"போன மாசம் நாலு பேரும் வேணும்னு சொன்னீங்களேம்மா?"

போன மாதக் கதையே வேறு என்றாள் அவள். அதற்கப்புறம்தான் வீடியோ. ஒரு பழைய பட்டறையில் படம் பிடிக்க ஒரே ஒரு நாள்தான் அனுமதி. மொத்தம் பதினேழு காட்சிகள், அதில் ஒன்பது டிரம்ஸை வைத்து. விளக்கு, புகை எல்லாம் தயார், டிரம்ஸ்காரனைக் காணோம். போனும் அணைந்து கிடந்தது. மாப்பிள்ளை வராத கல்யாணம் மாதிரி எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் பாடகனின் சித்தப்பா மகனை முதுகு மட்டும் தெரியும்படி உட்காரவைத்து ஒப்பேற்றினார்களாம்.

"காரணம் சொல்லியிருந்தா விட்டிருப்போம் சார். மன்னிப்புக் கேட்டான். ஏன் வரலைன்னு கேட்டா மட்டும் வாயத் திறக்க மாட்டேங்கிறான். அந்தத் திமிரைத்தான் தாங்க முடியலை."

"எந்தத் தேதி?"

"பன்னிரண்டு. ஞாயித்துக்கிழமை."

டிசைனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

படத்தில் இல்லாவிட்டால் அவனுக்கு ஏதாவது பாதிப்பு உண்டா என்று மெதுவாகக் கேட்டார். இந்த ஆல்பம்தான் கல்லூரியில் எங்கள் கடைசி வருட புராஜெக்ட், அட்டையில் பெயர் இருக்கிறவர்களுக்குத்தான் மதிப்பெண் என்றான் பாடகன். இல்லாவிட்டால் ஒரு வருடம் போகும். ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

"ஆறு பாட்டுக்கும் அவன்தானே வாசிச்சிருக்கான்?"

அதை மாற்ற இனி நேரமில்லை, திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும் என்றாள் இயக்குநர். வாடிக்கையாளரிடம் அதற்கு மேல் வாதாடும் பழக்கம் டிசைனருக்கு இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் வீட்டுக் கதை பேசும் பழக்கமும் இல்லை. படத்திலிருந்த சுவரிலிருந்து செங்கல் செங்கலாக எடுத்து அவன்மேல் வைத்து மூட ஆரம்பித்தார். முதலில் கால்கள், பிறகு குச்சி பிடித்த கைகள். முகத்தைக் கடைசிக்கு ஒதுக்கினார். அதையும் மூடியபோது அவருக்குத் தன் கையே பிடிக்கவில்லை.

"ஆள் இருந்த சுவடே இல்லை சார்," என்றான் பாடகன். "இந்தக் கடையில வேலை சுத்தமா இருக்கும்னு அவன்தான் எங்களை இங்க அனுப்பினான்." சொன்ன பிறகு அவனுக்கே என்னவோ போலிருந்தது. துண்டைச் சரிசெய்துகொண்டான்.

இயக்குநர் அசைந்துகொடுக்கவில்லை. அவள் கோபத்தில் டிசைனருக்கும் ஒரு பங்கு இருந்தது. போன மாதம் அவரும், நெருங்கிய உறவில் கல்யாணம் என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டு, பத்து நாள் கடையைப் பூட்டிவிட்டார். இல்லாவிட்டால் அட்டை வேலை எப்போதோ முடிந்திருக்கும். குத்திக்காட்டவும் செய்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பின்னட்டைக்குப் போனார். நாலு பெயர் மூன்றானது.

கடைசியாக உள்பக்கம். பாட்டு வரிகளுக்குக் கீழே நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாலாவது கையெழுத்தின் வால் நீண்டு வளைந்து, நுனியில் ஒரு குட்டி வட்டம், அது டிரம்மாம். அதையும் அழித்துவிடச் சொன்னாள் இயக்குநர்.

டிசைனரின் விரல் விசைமேல் போய் நின்றது. அழுத்தவில்லை. இடது கை தானாக நெஞ்சைத் தடவியது.

"என்ன சார், சிஸ்டம் மாட்டிக்கிச்சா?"

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்து ஸ்கேனரில் வைத்தார். அது சத்தம் போட்டுக்கொண்டே மெல்ல நகர்ந்தது. இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

நாலாவது கையெழுத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வந்து நின்றது. அதே நீண்ட வால், அதே குட்டி வட்டம். அது ஒரு ஆஸ்பத்திரியின் அனுமதிச் சீட்டு. தேதி பன்னிரண்டு, ஞாயிறு. நோயாளியின் பெயர், வாசலில் கடைப் பலகையில் எழுதியிருந்த அதே பெயர். கையெழுத்துப் போட்டவர் நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில், 'மகன்'.

"எனக்கு நெஞ்சுவலி வந்தது வெளிய தெரிஞ்சா எல்லாரும் எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க, உன் சிநேகிதங்ககிட்டகூட மூச்சு விடாதேன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கினது நான்தாம்மா," என்றார் டிசைனர்.